மாத்திரைக்கு முட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது

பத்து வருஷமாக ஒரு மெடிக்கல் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வியைக் கேட்டவர், முட்டிவலிக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு பாட்டி. மாத்திரையைக் கவரில் போட்டு மேலே 1-0-1 என்று எழுதிக்கொண்டிருந்தேன். "ஏன் தம்பி, வாயில போடுறேன், வயித்துக்குள்ள போகுது, அது எப்படிப்பா வழி கண்டுபிடிச்சு முட்டிக்குப் போகுது?" என்றார். பின்னால் நின்ற ஒருத்தர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் பி.ஃபார்மில் நாலு வருஷம் மருந்தியல் என்ற பெயரில் நாங்கள் சுற்றிச் சுற்றிப் படித்தது இந்த ஒரு கேள்வியைத்தான்.

"முட்டிக்கு மட்டும் போகாது பாட்டி, எல்லா இடத்துக்கும் போகும்" என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. அன்றைக்குக் கூட்டம், விளக்க முடியவில்லை. இங்கே விளக்குகிறேன்.

அவருக்குக் கொடுத்தது டைக்ளோஃபினாக் 50 மி.கி. அது குடலில் கரைந்து ரத்தத்தில் கலக்கிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது, உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆகவே ரத்தத்துக்குள் வந்த மருந்து ஓரிரு நிமிஷத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும். கண்ணிமைக்கும் போகும், கால் கட்டைவிரலுக்கும் போகும், முட்டிக்கும் போகும். அப்புறம் எப்படி முட்டிவலி மட்டும் குறைகிறது? திசுவில் வீக்கம் இருக்கும் இடத்தில் சைக்ளோ-ஆக்சிஜனேஸ் என்றொரு நொதி (என்சைம்) மும்முரமாக வேலை செய்து புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தயாரித்துக்கொண்டிருக்கும். வலி நரம்புகளைச் சீண்டிவிடுவது அதுதான். டைக்ளோஃபினாக் அந்த நொதியில் போய் உட்கார்ந்துகொண்டு தயாரிப்பை நிறுத்துகிறது. கட்டைவிரலிலும் இதே வேலையைத்தான் பார்க்கிறது, ஆனால் அங்கே வலியே இல்லை, அதனால் நமக்குத் தெரிவதில்லை.

வயிற்றில்தான் சிக்கல். இரைப்பையின் உள்சுவர் தன் அமிலத்திலேயே வெந்து போகாமல் காக்கும் சளிப்படலம் சுரப்பதற்கு அதே புரோஸ்டாகிளாண்டின் வேண்டும். சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. முட்டியில் வில்லனாக இருக்கும் பொருள் இரைப்பையில் காவல்காரன். மாத்திரைக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் நிறுத்தும். பக்கவிளைவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான்: மருந்து புதிதாக எதையோ செய்துவிடுவதில்லை, அதே வேலையை நமக்கு வேண்டாத இடத்தில் செய்கிறது. "மாத்திரை வயித்தைப் புண்ணாக்குது, ஊசி போட்டுடச் சொல்லுங்க" என்று சொல்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதிலேயே இருக்கிறது. ஊசியாகப் போட்டாலும் அது ரத்தம் வழியாக இரைப்பைக்கு வந்து அதே நொதியை நிறுத்தும், ஆகவே புண் வரும் வாய்ப்பு ஊசியால் போய்விடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது 1899-இல். அது இந்தப் புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பை நிறுத்தித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் காட்டியது 1971-இல், அதற்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. எழுபது வருஷத்துக்கு மேல், எப்படி வேலை செய்கிறது என்றே தெரியாமல் உலகம் முழுக்க அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார்கள்!

சரி, "நொதியில் போய் உட்கார்ந்துகொள்கிறது" என்றேனே, அது என்ன? பாடப்புத்தகத்தில் பூட்டும் சாவியும் என்பார்கள். எனக்கு அதைவிட டவுன்பஸ் உதாரணம்தான் பிடிக்கும். நம் செல்களின் மேல் ஏற்பிகள் என்ற இருக்கைகள் இருக்கின்றன. அட்ரினலின் மாதிரி உடம்பே சுரக்கும் பொருள்கள் அதில் வந்து உட்கார்ந்தால் செல்லுக்குள் ஒரு வேலை தொடங்கும். சில மருந்துகள் அந்தப் பயணி மாதிரியே உட்கார்ந்து அதே வேலையைத் தொடங்கிவைக்கும். ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சும் சால்பியூட்டமால் அப்படித்தான், அட்ரினலின் உட்காரும் பீட்டா-2 இருக்கையில் உட்கார்ந்து மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துகிறது. வேறு சில மருந்துகள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் ஆள் மாதிரி. துண்டு பயணி இல்லை, அதனால் எந்த வேலையும் நடக்காது, ஆனால் உண்மையான பயணி வந்தால் உட்கார இடமில்லை. புரோப்ரனலால் அந்த ரகம். பதற்றத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் அந்த மாத்திரையை ஆஸ்துமா இருப்பவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்: இதயத்தில் துண்டு போடும் மாத்திரை மூச்சுக்குழாயிலும் போட்டுவிடும்.

இந்த பஸ் இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். கூட்டம் அதிகமாக ஏறினால் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் இல்லையா, அதேபோல இயல்பான பொருள் மிக அதிகமாக வந்தால் பல மருந்துகளின் தடை தோற்றுப்போகும். ஆனால் ஆஸ்பிரின் போடுவது துண்டு இல்லை, அது இருக்கையையே கழற்றிவிடும் ஆள். நொதியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது. ரத்தத்தில் ஆஸ்பிரின் பாதியாகக் குறைய 20 நிமிஷம்கூட ஆகாது, ஆனால் ரத்தத்தை உறையவைக்க உதவும் தட்டணுக்களுக்குக் கரு இல்லை, புது நொதி செய்துகொள்ள முடியாது, அதனால் அந்தத் தட்டணு சாகும் வரைக்கும், அதாவது 7 முதல் 10 நாள் வரைக்கும், அது முடங்கியது முடங்கியதுதான். மாரடைப்பு வந்தவருக்கு வெறும் 75 மி.கி. தினம் ஒன்று போதுமாக இருப்பதும், அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்பே "ஆஸ்பிரின் சாப்பிடுறீங்களா" என்று டாக்டர் விசாரிப்பதும், டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சலில் ஆஸ்பிரினைத் தொடாதே என்பதும் எல்லாம் இந்த ஒரே விஷயத்தின் கிளைகள்.

அப்புறம் இருக்கை எல்லாம் நிரம்பிவிட்டால்? மேலே ஏறுபவர்கள் படிக்கட்டில்தான் தொங்க வேண்டும். வலி மாத்திரைகளில் ஓர் அளவுக்கு மேல் போனால் வலி கூடுதலாகக் குறையாது, வயிறும் சிறுநீரகமும்தான் கூடுதலாகக் கெடும். ஒன்று கேட்கவில்லை என்று இரண்டாகப் போடுபவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

"பவர்" என்ற சொல்லை இங்கேயே பேசிவிடலாம். "இது என்ன பவர்? 650-ஆ? அம்மாடி, அவ்வளவு வேண்டாம்" என்பார் ஒருவர். அதே ஆள், தூக்கத்துக்கு எழுதிக்கொடுத்த அல்பிரசோலத்தைப் பார்த்து "0.25 தானே, சின்ன பவர்" என்று அலட்சியமாக வாங்கிக்கொள்வார். மி.கி. என்பது எடை, அவ்வளவுதான். இருக்கையில் இறுகப் பற்றிக்கொள்ளும் மருந்து கொஞ்சம் இருந்தாலே போதும், தளர்வாகப் பற்றுவதற்கு நிறைய வேண்டும். தைராய்டு மாத்திரை 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மி.கி., உடம்பு மொத்தத்தின் வேகத்தையே மாற்றுகிறது. அந்த 0.25-ஐச் சில வாரம் விடாமல் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தியவர்களைக் கேட்டுப்பாருங்கள், சின்ன பவர் என்ன பாடு படுத்தும் என்று சொல்வார்கள்.

மருந்து எல்லா இடத்துக்கும் போகும் என்பதுதான் பிரச்சினை என்றால், வேண்டிய இடத்தில் மட்டும் போய் இறக்கிவிட முடியாதா? சில நேரம் முடியும். சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையாக 4 மி.கி. வருகிறது, கணக்குப் பார்த்தால் 40 முறை அழுத்தும் அளவு. நுரையீரலில் நேரடியாக இறங்குவதற்குத் துளி போதும், உடம்பு முழுக்கச் சுற்றி நுரையீரலுக்கும் கொஞ்சம் வந்து சேர வேண்டுமென்றால் அவ்வளவு வேண்டியிருக்கிறது. மாத்திரை போட்டவருக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ஏனென்றால் கைத்தசையிலும் இதயத்திலும் அதே ரக இருக்கைகள் இருக்கின்றன. இதைச் சொன்ன பிறகும், "இன்ஹேலர் பழக்கமாயிடும், மாத்திரையே குடுங்க" என்று கேட்கும் பெற்றோரிடம் நான் இன்னும் தோற்றுக்கொண்டேதான் இருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த பயணம் பேன்டபிரசோலுடையது. "வயித்துல போய் ஆசிடைக் குறைக்கும்" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வயிற்றில் கரையவே கூடாது, கரைந்தால் அமிலமே அதைச் சிதைத்துவிடும், அதற்காகத்தான் மேலே ஒரு பூச்சு. உடைத்தோ பொடித்தோ போடக் கூடாது என்பதும் இதனால்தான். இரைப்பையைப் பூச்சோடு கடந்து, சிறுகுடலில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, கல்லீரலைத் தாண்டி, உடம்பைச் சுற்றிக்கொண்டு, இரைப்பைச் சுவருக்குள் இருக்கும் அமிலம் சுரக்கும் செல்லுக்குப் பின்பக்கமாக வந்து சேர்கிறது. வாசல் வழியாக உள்ளே போய்விட்டு, ஊரைச் சுற்றி வந்து கொல்லைப்புறக் கதவைத் தட்டுகிற கதை. அந்த செல்லின் அமிலத்தில்தான் அது வேலை செய்யும் உருவத்துக்கே மாறுகிறது, மாறி, அமிலத்தை வெளியே தள்ளும் பம்ப்பில் ஒட்டிக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்பைத்தான் அதனால் பிடிக்க முடியும், பம்ப் மும்முரமாக ஓடுவது நாம் சாப்பிடும்போது. எனவே மருந்து ரத்தத்தில் தயாராக இருக்கும் நேரமும் இட்லி உள்ளே போகும் நேரமும் ஒத்துப்போக வேண்டும், அதற்காகத்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன் என்று எழுதிக்கொடுக்கிறோம். ராத்திரி பரோட்டா சாப்பிட்டு நெஞ்செரிச்சல் வந்த பிறகு ஓடிவந்து ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்பவருக்கு அன்றைக்கு அதனால் பெரிய பலன் இல்லை. அவருக்கு வேண்டியது இருக்கும் அமிலத்தை அங்கேயே முறிக்கும் ஜெலுசில் மாதிரியான ஒன்று.

கல்லீரலைத் தாண்டி என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன், அது அவ்வளவு லேசான விஷயம் இல்லை. குடலில் உறிஞ்சப்படும் மருந்து பெரும்பாலும் நேராக இதயத்துக்குப் போவதில்லை, ஒரு தனி ரத்தக்குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போக வேண்டும். செக்போஸ்ட் மாதிரி. சில மருந்துகளை அங்கேயே பெரும்பகுதி பிடித்து அழித்துவிடும். நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் நைட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான், வாயின் ரத்தக்குழாய்கள் கல்லீரலைத் தொடாமல் நேராக இதயத்துக்குப் போகின்றன. பதற்றத்தில் விழுங்கிவிட்டால் மருந்தில் பெரும்பங்கு செக்போஸ்ட்டிலேயே போய்விடும், மிச்சம் வந்து சேர்வதற்கும் நேரமாகும்.

ஆனால் கல்லீரல் அழிப்பதோடு நிற்பதில்லை, சில நேரம் அதுவே மருந்தைத் தயாரித்தும் கொடுக்கிறது. 1886-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கான், ஹெப் என்ற இரண்டு டாக்டர்கள் குடல்புழுவுக்காக ஒரு நோயாளிக்கு நாஃப்தலீன் (ஆமாம், நம்ம ரசகற்பூர உருண்டையில் இருப்பதுதான்) கொடுக்கச் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் கை தவறி அசெட்டனிலைடு என்ற வேறு பொருளைக் கொடுத்துவிட்டார். புழு போகவில்லை, காய்ச்சல் இறங்கிவிட்டது. தொழில்முறையில் அந்த மருந்தாளுநரை நினைத்து எனக்கு வயிறு கலங்குகிறது என்றாலும், அந்தத் தவறிலிருந்துதான் ஒரு காய்ச்சல் மருந்தே பிறந்தது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்கள் சிலர் நீலம் பாரித்துப்போனார்கள், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது கெடுத்தது. 1948-இல் அமெரிக்காவில் பிராடியும் ஆக்சல்ராடும் ஆராய்ந்து பார்த்தபோது, அசெட்டனிலைடு வெறும் வண்டி, உடம்புக்குள் அது மாறி உருவாகும் இன்னொரு பொருள்தான் காய்ச்சலைக் குறைக்கிறது என்று தெரிந்தது. அந்தப் பொருளின் பெயர் பாராசிட்டமால்.

இந்தப் பாராசிட்டமாலிடம் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் ஃப்ரிட்ஜ் மேல் டப்பாவில் கேள்வி கேட்பாரில்லாமல் கிடப்பது இதுதான். கல்லீரல் இதில் பெரும்பகுதியைச் சர்க்கரைப் பொருளோடும் சல்பேட்டோடும் கட்டி, தண்ணீரில் கரையும்படி செய்து சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. 5 முதல் 10 சதவீதம் மட்டும் வேறு வழியில் போய், நாப்கி என்ற நச்சாக மாறும். அதற்கும் ஆள் வைத்திருக்கிறது உடம்பு, குளுட்டத்தயோன் என்ற பொருள் அந்த நச்சை உடனுக்குடன் பிடித்து முடக்கிவிடும். அளவோடு போட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. அளவு மீறும்போது முதல் இரண்டு வழிகளும் நெரிசலாகி, நச்சு வழியில் கூட்டம் கூடுகிறது, குளுட்டத்தயோன் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது, அதற்கப்புறம் அந்த நச்சு கல்லீரல் செல்களையே பிடித்துக்கொள்ளும். தினம் குடிப்பவருக்கும், பல நாள் சரியாகச் சாப்பிடாதவருக்கும் அந்தக் கையிருப்பு ஏற்கெனவே குறைவு. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது என்ற கணக்கு இதை வைத்துத்தான்.

நாலு கிராம் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று தோன்றும். என் அப்பாவுக்குப் போன மழைக்காலத்தில் காய்ச்சலும் சளியும். 650 மாத்திரை நாலு வேளை, 2600. சளிக்கென்று தனியாக ஒரு மாத்திரை மூன்று வேளை. அந்த அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால், மூக்கடைப்பு மருந்தோடு பாராசிட்டமால் 500 மி.கி.யும் உள்ளே இருக்கிறது, ஆக இன்னொரு 1500. மொத்தம் 4100. மெடிக்கல்காரன் வீட்டிலேயே இந்தக் கதை! உடனே ஒன்றை நிறுத்தினோம், ஒன்றும் ஆகவில்லை. இதில் பயமுறுத்தும் விஷயம் என்னவென்றால், அளவு ரொம்ப மீறிப்போனாலும் முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது, லேசான குமட்டல் இருக்கலாம், அவ்வளவுதான். கல்லீரல் கெட்டது வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். முறிவு மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன், தீர்ந்துபோன குளுட்டத்தயோனை அது மறுபடி நிரப்பித் தரும், ஆனால் முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப்பலன். அதனால் யாராவது கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

கவரில் எழுதும் 1-0-1 பற்றிச் சொல்லவில்லையே. ஒரு மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரை ஆயுள் என்கிறார்கள். பாராசிட்டமாலுக்கு அது 2 முதல் 3 மணி நேரம், அதனால்தான் ஆறு மணி நேரத்துக்கொரு தரம் கேட்கிறது. பிபி மாத்திரை ஆம்லோடிபினுக்கு 30 முதல் 50 மணி நேரம். இன்று போட்டதில் பாதிக்கு மேல் நாளைக்கும் உடம்பில் இருக்கும், அதன்மேல் நாளைய மாத்திரை சேரும், இப்படிச் சேர்ந்து சேர்ந்து, உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும்போது அளவு ஒரு மட்டத்தில் நிற்கும். அதற்குச் சுமார் ஐந்து அரை ஆயுள் ஆகும், ஆம்லோடிபின் என்றால் ஒரு வாரத்துக்கு மேல். "ரெண்டு நாளா போடுறேன், பிபி குறையவே இல்லை, வேற மாத்துங்க" என்று வருபவரிடம் பொறுங்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். தைராக்சினுக்கு அரை ஆயுளே 7 நாள், அதனால் அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனை எழுதுகிறார்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் குடி முழுகிவிடாது. ஆனால் தினமும் காபியோடு சேர்த்து விழுங்கினால் உறிஞ்சப்படுவது தினமும் குறையும், அது முழுகும்.

இவ்வளவும் சராசரி மனிதருக்கான கணக்கு. ஒரே மாத்திரை ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்கவில்லை, மூன்றாமவரைப் படுத்துகிறது என்றால், அது ராசி கிடையாது, பெரும்பாலும் கல்லீரல் நொதிகளில் பிறவியிலேயே இருக்கும் வித்தியாசம். இதை ஆராய்ந்த முக்கியமான இடங்களில் ஒன்று நம் சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது. 1956-இல் காசநோய் ஆராய்ச்சிக்காக அங்கே தொடங்கிய மையம், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் நோய் குணமாகும் என்று 1959-இல் காட்டி உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது. ஐசோநயாசிட் என்ற காசநோய் மருந்தைச் சிலருடைய கல்லீரல் வேகமாகவும், சிலருடையது மெதுவாகவும் மாற்றுகிறது என்பதையும் அங்கே விரிவாகப் பார்த்தார்கள். தினமும் மருந்து சாப்பிட்டால் இந்த வேக வித்தியாசம் குணமாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை, ஆனால் வாரம் ஒரு முறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது வேகமாக மாற்றுபவர்களுக்குப் பலன் குறைந்தது. மெதுவாக மாற்றுபவர்களுக்கு வேறு தொல்லை, மருந்து நீண்ட நேரம் உடம்பில் தங்கிக் கை கால் எரிச்சலும் மரத்துப்போவதும் வந்தது. நம் ஊர் மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்த மெதுவான ரகம். காசநோய் மாத்திரைகளோடு பி6 என்று சின்னதாக ஒரு வைட்டமின் மாத்திரையும் சேர்த்து எழுதியிருப்பார்கள், "இது சத்து மாத்திரைதானே, வேண்டாம், காசு மிச்சம்" என்று அதை மட்டும் திருப்பித் தருபவர்கள் உண்டு. அந்த எரிச்சல் வராமல் தடுப்பதற்குத்தான் அது.